நடுங்கும் ஸ்டியரிங்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில் ஒரு கார் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது அமைதியாகச் செல்கிறது. 75-ஐ எட்டியதும், ஓட்டுநர் கையில் பிடித்திருக்கும் ஸ்டியரிங் சக்கரத்தில் மெல்லிய துடிப்பு ஒன்று தோன்றுகிறது. 90-இல் அது நடுக்கமாகவே மாறிவிடுகிறது. ஆனால் 105-ஐத் தாண்டினால் நடுக்கம் பெரும்பாலும் அடங்கிப்போகிறது. வேகம் குறைந்து மீண்டும் 90-க்கு வரும்போது, போன விருந்தாளி திரும்பி வந்ததுபோல் மறுபடியும் தலைகாட்டுகிறது. வேகந்தான் காரணம் என்றால், வேகம் மிகுந்தோறும் நடுக்கமும் மிகவேண்டும் அன்றோ? ஏன் இடையில் தோன்றி இடையிலேயே மறைகிறது?

இக்கேள்வியைக் கேட்பவர் சிலரே. வண்டியின் சொந்தக்காரர் பட்டறைக்குச் சென்று, "வண்டி ஆடுகிறது" என்று மட்டும் சொல்கிறார். பட்டறைக்காரர் முதலில் சக்கரங்களின் நேரமைப்பைச் சரிசெய்கிறார். பிறகு ஷாக் அப்சார்பரை மாற்றுகிறார். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டியரிங் பெட்டியின் மீது கைவைக்கிறார். பணம் கரைகிறது, நடுக்கம் கரைவதில்லை. காய்ச்சல் என்று வந்தவனிடம் நல்ல மருத்துவர், "காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா? குளிர் உண்டா?" என்று கேட்ட பிறகே மருந்தை எழுதுவார். வண்டியின் நடுக்கத்திலும், எங்கே பழுது என்பதை, எப்போது நடுங்குகிறது என்ற கேள்வியே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. அது எவ்வாறு என்பதைப் பார்ப்போம்.

சிறிய கார் ஒன்றின் டயர் ஒருமுறை சுழன்றால், வண்டி ஏறத்தாழ 1.8 மீட்டர் தூரம் நகரும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். ஆகவே அந்த வேகத்தில் சக்கரம் ஒரு வினாடியில் சுமார் 14 முறை சுழல்கிறது. இப்போது அச்சக்கரத்தின் இரும்பு வளையத்தில், நடுவிலிருந்து 18 சென்டிமீட்டர் தள்ளி, ஓரிடத்தில் மட்டும் 20 கிராம் எடை மிகுதியாக இருப்பதாகக் கொள்வோம். இருபது கிராம் என்பது என்ன? இரண்டு மூன்று நாணயங்களின் எடை. ஆனால் மையவிலக்கு விசை, சுழலும் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்து வளர்வது. 90 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இருபது கிராம், மூன்று கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையைக் கொண்டு இழுப்பதற்கு ஒப்பான விசையுடன் சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கிறது. அவ்விழுப்பும் ஒரே திசையில் இல்லை. மேலே, முன்னே, கீழே, பின்னே என்று வினாடிக்குப் பதினான்கு முறை சுற்றிவருகிறது. வேகத்தைப் பாதியாக்கி 45-இல் ஓட்டினால் விசை பாதியாகாது. நாலில் ஒன்றாகும், அதாவது சுமார் 700 கிராம். நகரத்துக்குள் ஓடும்வரை இந்நோய் வெளிப்படாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் இன்னும் சுவையானது. துணி துவைக்கும் இயந்திரத்தில் நனைந்த சேலை ஒருபுறமாகச் சுருண்டு கிடக்கும்போது, பிழியும் தொட்டி சுழலத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் அசைவில்லை, சற்று வேகம் ஏறியதும் இயந்திரமே இடம்பெயர்ந்து நடந்துவிடும்போல் குதிக்கிறது, முழு வேகத்தை அடைந்ததும் அடங்கிவிடுகிறது. சேலை அங்கேயேதான் இருக்கிறது. ஊஞ்சலைத் தள்ளுபவன் அது திரும்பிவரும் தருணம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய ஆட்டமாகிறது. தருணம் தவறித் தள்ளினால் எவ்வளவு வலிமையும் வீணாகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஓர் இயற்கை அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் தள்ளல் அந்த எண்ணோடு ஒத்துப்போகும்போது அதிர்வு பெருகுகிறது. இதனை ஒத்ததிர்வு என்று இயற்பியலில் படிக்கிறோம். காரின் முன்சக்கரம், அதைத் தாங்கும் கைகள், டயரின் காற்று, ஸ்டியரிங் தண்டுகள் எல்லாம் சேர்ந்த அமைப்பின் இயற்கை அதிர்வெண், பொதுவாக வினாடிக்குப் பத்திலிருந்து பதினைந்து வரையில் அமைந்துவிடுகிறது. சக்கரம் வினாடிக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று மேலே கண்டோமோ, அந்த எண்ணும் இந்த எல்லைக்குள்ளேதான் விழுகிறது. 75-க்கும் 105-க்கும் இடையில் மட்டும் நடுங்கியதன் மறைபொருள் இதுவே. குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதைக் கடந்ததும் தணியும் நடுக்கம் என்றால், முதல் ஐயம் சக்கரத்தின் எடைச் சமநிலை மீதே விழவேண்டும்.

எடைச் சமநிலை என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. சக்கரத்தைத் தடையின்றிச் சுழலும் அச்சில் மாட்டினால், கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் ஈயக் கட்டி ஒன்றை வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். மிதிவண்டியின் மெல்லிய சக்கரத்திற்கு இது போதும். காரின் சக்கரமோ அகலமானது. உட்புற விளிம்பில் ஓர் இடத்திலும், வெளிப்புற விளிம்பில் அதற்கு நேர் எதிரிடத்திலும் சமமான மிகை எடை இருந்தால், நிற்கும்போது சக்கரம் எந்தப் பக்கமும் சாயாது. சுழலும்போதோ இரு விசைகளும் எதிர்த்திசைகளில் இழுத்து, சக்கரத்தை இடமும் வலமுமாக முறுக்கும். அம்முறுக்கு நேராக ஸ்டியரிங்கில் வந்து சேரும். ஆகையால்தான் பட்டறை இயந்திரம் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் தனித்தனியே எடை சொல்கிறது. அக்கட்டிகள் நெடுங்காலம் ஈயத்தாலேயே செய்யப்பட்டன. சாலையில் உதிர்ந்து மண்ணை நஞ்சாக்குகின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் கார்களுக்கு ஈயக் கட்டிகளைத் தடைசெய்த பின், துத்தநாகமும் எஃகும் அவ்விடத்திற்கு வந்துள்ளன. பட்டறைக்குப் போகுமுன் செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் போய்வந்த வண்டியின் சக்கரத்து உட்புறத்தில் மண் அப்பிக் காய்ந்திருக்கும். ஒரு கைப்பிடி மண் இருபது கிராமைவிட எவ்வளவோ அதிகம்! ஒரு வாளித் தண்ணீர் குணப்படுத்தக்கூடிய நோய் இது.

முன்சக்கர நடுக்கம் பழைய நோயே. 1920-களில் மேனாட்டுக் கார்களின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே நீண்ட இரும்பு அச்சில் பிணைக்கப்பட்டிருந்தன. அக்காலத்தில் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்களும் முன்சக்கர பிரேக்கும் பரவியபோது, சில வேகங்களில் அந்த அச்சு முழுவதுமே வெறிகொண்டதுபோல் ஆடத் தொடங்கியது. அந்நாளைய நடனம் ஒன்றின் பெயரைக்கொண்டு அதனை 'ஷிம்மி' என்று அழைத்தனர். பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரூலியே 1925-இல் இதைப்பற்றி ஆராய்ந்து எழுதினார். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி முதலியோர் உழைத்ததன் பயனாக, ஒரு சக்கரத்தின் ஆட்டம் மற்றதைத் தொடாதபடி தனித்தனியே தொங்கும் முன்சக்கர அமைப்பு 1934-ஆம் ஆண்டுக் கார்களில் வந்தது. நாம் இன்று ஓட்டும் கார்கள் அதன் வழிவந்தவை. ஆனால் ஒற்றை முன்அச்சு கொண்ட பழைய ஜீப்புகளில் ஷிம்மியை இன்றும் காணலாம். எடைக்குறையால் வரும் நடுக்கம் அந்த வேகத்தைக் கடந்ததும் தணியும். ஷிம்மியோ ஒரு பள்ளத்தில் தூண்டப்பட்டால் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு, வண்டியை ஏறக்குறைய நிறுத்தும்வரை விடாது. இரண்டையும் ஒன்றென எண்ணலாகாது.

இனி, கேட்கவேண்டிய கேள்விகள். நடுக்கம் கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம்; இருக்கையிலும் தரையிலும் மட்டும் தெரிந்தால் பின்சக்கரம். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரைப் போல், பின்சக்கரங்களை இயந்திரம் ஓட்டும் வண்டியாயின், நடுவே ஓடும் நீண்ட தண்டையும் ஐயுறவேண்டும். அது சக்கரத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு விரைவாகச் சுழல்வதால், அதன் நடுக்கம் துடிப்பாக இராது, உறுமலாக இருக்கும். அடுத்து, அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். இயந்திரத்தின் சுழற்சி மாறும். சக்கரத்தின் சுழற்சி மாறாது. நடுக்கம் மாறாமல் இருந்தால் இயந்திரம் நிரபராதி.

பிரேக்கை அழுத்தும்போது மட்டும் நடுங்கினால் கதையே வேறு. இங்கே குற்றவாளி பெரும்பாலும் பிரேக் தட்டு. தட்டு சூட்டினால் வளைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில், பெரும்பாலான வண்டிகளில் நேர்வது வளைவு அன்று, தடிமன் வேறுபாடு. தட்டுக்கும் அது பொருந்தும் குடத்துக்கும் இடையே துரு இருந்தால், தட்டு மிகச் சிறிதே சாய்ந்து சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பிரேக் கட்டையில் உரசி உரசி, பல்லாயிரம் கிலோமீட்டருக்குப் பின் அவ்விடம் தேய்ந்துபோகும். தலைமயிரின் தடிமனுக்கும் குறைவான வேறுபாடே காலிலும் கையிலும் துடிப்பாக உணரப்படும். துருவைத் துடைக்காமல் புதுத் தட்டை மாட்டுபவர் அதே நோயை மீண்டும் விதைக்கிறார்.

வேகத்தைக் கூட்ட மிதிக்கும்போது மட்டும் வண்டி பக்கவாட்டில் ஆடி, காலை எடுத்ததும் நின்றால், முன்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் தண்டின் உட்புற மூட்டு தேய்ந்திருக்கலாம். காலையில் புறப்பட்டவுடன் நடுங்கிச் சில கிலோமீட்டரில் தானே மறைந்தால், இரவு முழுதும் ஒரே இடத்தில் நின்றதால் டயர் சற்றே தட்டையாகியிருக்கிறது. நைலான் இழை டயர்கள் இதற்குப் பேர்போனவை.

இத்தனை கேள்விகளுக்குப் பிறகும் ஐயம் நீடித்தால், பரிசோதனைச் சாலையில் செய்வதுபோன்ற சோதனை ஒன்று இருக்கிறது. எனக்கு இதில் தனி விருப்பம் உண்டு. ஏனெனில் இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி மாட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் கையிலிருந்து இருக்கைக்குப் போய்விட்டால் குற்றம் சக்கரத்திலோ டயரிலோ இருக்கிறது. கையிலேயே நின்றால் சக்கரம் விடுதலை; குற்றம் அது மாட்டப்பட்ட இடத்தில் இருக்கிறது. அப்போது சக்கரத்தைக் கழற்றி, போல்ட் துளைகளில் இரண்டு தள்ளி மாட்டிப் பார்க்கலாம். நடுக்கம் கூடினாலோ குறைந்தாலோ, சக்கரமும் குடமும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை என்று அறியலாம். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார்ப்பதே இச்சோதனையின் உயிர். ஒரே நாளில் டயரும் தட்டும் ஷாக் அப்சார்பரும் மாற்றினால் நடுக்கம் நிற்கலாம்; எதனால் நின்றது என்பது யாருக்கும் தெரியாது.

நேரமைப்பைப் பற்றி ஒரு சொல். அலைன்மெண்ட் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயர் ஓரம் தேயும். நடுக்கத்திற்கு அது நேரான காரணம் ஆவது அரிது. தேய்ந்த ஸ்டியரிங் மூட்டுகளும் ரப்பர் புஷ்களும் நடுக்கத்தைப் பிறப்பிப்பதில்லை. அதை அடக்கும் ஆற்றலை இழக்கின்றன. புதிய வண்டியில் கைக்கு எட்டாத பத்து கிராம் குறை, பழைய வண்டியில் எட்டிவிடும். ஜாக்கியால் தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் பேரிங்கின் தளர்ச்சியும், இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால் ஸ்டியரிங் தண்டுகளின் தளர்ச்சியும் பொதுவாகத் தெரியவரும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டலாகாது. தாங்கு கட்டை அவசியம்.

மேலே சொன்னவையெல்லாம் நாள்பட, மெல்ல மெல்ல வளரும் நடுக்கத்திற்கே பொருந்தும். நேற்றுவரை இல்லாத நடுக்கம் இன்று நெடுஞ்சாலையில் திடீரெனத் தோன்றி, நிமிடத்துக்கு நிமிடம் வளர்ந்தால், கேள்விகளுக்கு நேரமில்லை. டயரின் உள் அடுக்கு பிரிந்துகொண்டிருக்கலாம். சக்கரத்தின் நட்டுகள் கழன்றுகொண்டிருக்கலாம். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, பிரேக்கை வெடுக்கென்று மிதிக்காமல், வேகத்தைத் தணித்துச் சாலையோரத்தில் ஒதுங்கவேண்டும். டயரின் பக்கச் சுவரிலோ தரையைத் தொடும் பட்டையிலோ புடைப்பு இருந்தால், அந்த டயரில் மேலும் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் மாற்றுச் சக்கரத்தை மாட்டவேண்டும். நட்டுகளை வரிசையாக முறுக்காமல், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முறுக்கினால்தான் சக்கரம் குடத்தின் மீது சமமாக அமரும். மாட்டிய பிறகு சுமார் நூறு கிலோமீட்டர் ஓடியதும், வண்டியை நிறுத்தி அந்த நட்டுகளை இன்னொருமுறை முறுக்கிப் பார்த்துவிடவேண்டும்.