எந்தத் தெருவில் நின்று கேட்கிறாய்?

1916-ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த மாணவர்கள் சிலருக்கு வழக்கமில்லாத ஒரு வேலை தரப்பட்டது. தந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்திலிருந்து வந்து, இந்தியப் பொருளாதாரத்துக்கு அங்கே முதல் பேராசிரியராக அமர்ந்தவர். இங்கிலாந்து ஆலைகளைப் பற்றிய பாடத்தை ஒப்பித்தது போதும், ஊருக்குப் போகும்போது ஒரு கேள்விப் பட்டியலையும் கையோடு எடுத்துப் போங்கள் என்றார் அவர். நிலம் யார் யாரிடம் இருக்கிறது, கூலி பணமா நெல்லா, கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதி வர வேண்டும்.

பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் சொந்தச் சித்தப்பாவின் வாசலில் நின்று, “உங்களுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது?” என்று கேட்பது அத்தனை சுலபமா? கேட்டவர்கள் கேட்டார்கள். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம், தூசி என்று அன்றைய தமிழ் மாவட்டங்களின் கிராமங்கள் பல 1918-ல் ஒரே புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தன. மாணவர்கள் சேகரித்துத் தந்த அந்தத் தகவல்களை ஆய்வாளர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

ஸ்லேட்டர் நடத்தியது சமூகவியல் வகுப்பு அல்ல. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை தொடங்கியதே 1919-ல்தான். அதன் முதல் தலைவர் பேட்ரிக் கெட்டிஸ், உயிரியலில் தொடங்கி நகரமைப்புக்கு வந்து சேர்ந்த ஸ்காட்லாந்துக்காரர். ஆனாலும் இன்று பி.ஏ. சமூகவியல் படிக்கும் பிள்ளை மூன்று வருடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதன் சாரம் அந்த 1916 மாணவர்களின் வேலையில் இருக்கிறது. தெரிந்த ஊருக்குள் தெரியாதவரைப் போல நுழைந்து கேட்க வேண்டும்.

இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவது தனிப் பாடு. கல்யாண வீட்டுப் பந்தியில் இந்த உரையாடல் எப்படியும் நடந்துவிடும். “என்னம்மா படிக்கிறே?” “பி.ஏ. சோஷியாலஜி, மாமா.” “ஓ, சோஷியல் ஒர்க்கா? நல்லது, நாலு பேருக்கு உதவி செய்யலாம்.” மாமாவின் மீது தப்பில்லை. இரண்டின் பெயரும் ஒன்று போலத்தான் ஒலிக்கிறது. குடிப்பழக்கத்துக்கு ஆளானவரையும் அவர் குடும்பத்தையும் கரையேற்ற வழி தேடுவது சமூகப்பணி. ஒரு தெருவில் மட்டும் ஏன் இத்தனை பேர் குடிக்கிறார்கள், அடுத்த தெருவில் ஏன் இல்லை என்று கேட்பது சமூகவியல். முதலாவதற்கு எம்.எஸ்.டபிள்யூ. என்று தனிப் படிப்பே உண்டு.

‘அடுத்த தெருவில் ஏன் இல்லை’ என்பதை ஒரு முறையாகவே ஆக்கிக் காட்டியவர் பிரான்ஸின் எமில் துர்கைம். தற்கொலை என்பது ஒரு மனிதரின் மிகத் தனிப்பட்ட துயரம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். துர்கைம் 1897-ல் வெளியிட்ட நூலில் நாடுகளின் பதிவுகளை வரிசையாக அடுக்கினார். புராட்டஸ்டன்டு மக்களிடம் விகிதம் அதிகம், கத்தோலிக்கரிடம் குறைவு. மணமாகாதவர்களிடம் அதிகம், மணமானவர்களிடம் குறைவு. ஆள் மாறினாலும் விகிதம் அவ்வளவாக மாறவில்லை. அப்படியென்றால் காரணத்தைத் தனிமனித மனத்தில் மட்டும் தேடினால் போதாது, மனிதர்களைப் பிணைக்கும் கட்டுகள் எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தளர்வு என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்.

நல்ல ஆசிரியர் இதோடு விடமாட்டார். தற்கொலையைப் பெரும் பாவமாகக் கருதும் ஊரில், குடும்பமும் அதிகாரியும் சேர்ந்து அதை விபத்து என்று எழுதியிருந்தால்? துர்கைம் எண்ணியது சாவுகளையா, சாவுப் பதிவுகளையா? பின்னால் வந்தவர்கள் எழுப்பிய இந்தக் கேள்விக்குப் பிறகு, அரசாங்கப் புள்ளிவிவரம் எதைப் பார்த்தாலும் ‘இதை எழுதியது யார்?’ என்று கேட்கும் புத்தி மாணவர்களுக்கு ஒட்டிக்கொள்கிறது.

மார்க்ஸ், வெபர் இல்லாத பாடத்திட்டம் கிடையாது. வெகுகாலம் பாடத்திட்டத்துக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்த ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஸ்லேட்டரின் மாணவர்கள் ஊருக்குப் போன அதே 1916-ல், மே மாதம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் ஒருவர் கருத்தரங்கில் கட்டுரை படித்தார். சாதியைத் தாங்கி நிற்பது அகமணம்தான், ஒரு குழு தனக்குள்ளேயே மணமுடித்துக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் என்பது அதன் வாதம். குழந்தை மணம், விதவைகள் மீதான கட்டுப்பாடு, உடன்கட்டை எல்லாம் அந்தச் சாத்திய கதவைக் காக்க வந்தவை என்று அவர் விளக்கினார். அந்த மாணவர் அம்பேத்கர். சட்ட மேதையாக மட்டுமே அவரை அறிந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுரை ஒரு அதிர்ச்சி. அடுத்த முறை நாளிதழின் மணமகள் தேவை விளம்பரத்தைப் பழைய கண்ணோடு படிக்க முடியாது.

இரண்டாம் வருடத்தில் வரும் ஆய்வு முறையியலைப் பார்த்துப் பலருக்குப் பயம். கணக்கு வேண்டாம் என்றுதான் இந்தப் பக்கம் வந்தோம், இங்கேயும் சராசரி, மாதிரி எடுத்தல் என்று துரத்துகிறதே என்பது புலம்பல். ஆனால் கணக்கைவிடக் கடினம் கேள்வி. “வேலைக்குப் போறீங்களாம்மா?” என்று ஒரு பெண்ணிடம் கேட்டால், “இல்லப்பா, வீட்ல சும்மாதான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். படிவத்தில் ‘வேலை இல்லை’ என்று குறிப்பதா? ஆன் ஓக்லி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் பேசி, 1974-ல் அதைப் புத்தகமாக்கினார். அவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் வீட்டுவேலை செய்தார்கள். இந்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் ‘வேலை செய்கிறீர்களா’ என்பதற்குப் பதிலாக ‘நேற்று எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்’ என்ற முறையில் கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டது வெளியே வந்தது. கேள்வியை மாற்றியதும் அந்த ‘சும்மா’ நிமிடக்கணக்காக மாறிவிட்டது.

கேள்வி சரியாக இருந்தாலும், கேட்பவர் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அடுத்த சிக்கல். இதற்கு நம் ஊரிலேயே கதை உண்டு. தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி. அப்படிப்பட்ட ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் வந்து தங்கினார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘ஸ்ரீபுரம்’ என்று எழுதினார். அவருக்கு இடம் கிடைத்தது அக்கிரகாரத்தில். அங்கே குடியிருந்ததாலேயே ஊர் அவரைப் பிராமணராகப் பார்த்தது. சேரிக்குப் போவதை அக்கிரகாரம் விரும்பவில்லை. அக்கிரகாரத்திலிருந்து வருபவரை நம்பிப் பேசச் சேரியும் தயங்கியது. சாதியை ஆராய வந்தவரை ஊர் ஒரு சாதிக்குள் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தது. 1965-ல் வந்த அவருடைய நூலில் இதை மறைக்காமல் சொல்கிறார். சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே கையில் இருந்த காலம் போய், அதிகாரம் பிராமணரல்லாதாரிடம் நகர்ந்ததை அந்த நூல் காட்டுகிறது. களப்பணிக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு அதைவிட முக்கியம் அந்தத் தெருக் கதை என்று இந்தக் கட்டுரையாளருக்குத் தோன்றுகிறது.

பெத்தேயின் ஆசான் எம்.என். சீனிவாஸ். மைசூரில் பட்டப்படிப்பு முடித்தவர். 1948-ல் மைசூருக்கு அருகே, தாம் ராம்புரா என்று பெயரிட்ட கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். ‘ஆதிக்க சாதி’ என்று இன்று டீக்கடையில் அடிபடும் சொல் அவர் எழுத்தில் இருந்து பரவியது. தேர்தல் வந்தால் தொலைக்காட்சி விவாதமெல்லாம் முழங்கும் ‘வாக்கு வங்கி’யும் 1950-களில் அவர் எழுதிய கிராமக் கட்டுரையில் பிறந்ததுதான். அவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த 1970-ல், போராட்டக் காலத்துத் தீவைப்பில் ராம்புராக் குறிப்புகளைத் தொகுத்து வைத்திருந்த மூன்று படிகளும் எரிந்தன. அவர் நினைவிலிருந்தே ஊரை மீட்டெழுதி 1976-ல் வெளியிட்டார். ஆய்வேட்டைப் பென் டிரைவில் தொலைத்துவிட்டு அழுகிற மாணவர்களிடம் ஆசிரியர்கள் இந்தக் கதையைச் சொல்லலாம்.

சரி, படித்தால் வேலை? பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இது; நியாயமானதும்கூட. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் சேரலாம். சென்னையில் லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் போன்ற கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் ஏராளம். அதற்கு இரண்டு தாள், 500 மதிப்பெண். கணக்கெடுப்பு நடத்தும் நிறுவனங்கள், சந்தை ஆய்வு, தொண்டு நிறுவனங்கள், மனிதவளம், ஊடகம் என்று வேறு வாசல்களும் உண்டு. ஆனால் பி.ஏ. பட்டத்தை மட்டும் நீட்டினால் எந்த வாசலும் தானாகத் திறக்காது. முதுகலையோ, புள்ளிவிவர மென்பொருள் பழக்கமோ, நன்றாக எழுதும் கையோ கூடவே வேண்டும். இதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிடும் கல்லூரி நேர்மையான கல்லூரி.

ஸ்லேட்டரின் மாணவர் போன இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 1930-களில் ஒரு குழு, பிறகு இன்னும் சிலர், கடைசியாக 2008-ல் ஒரு குழு. 1916-ல் அது பெரிய நிலக்கிழார்களின் ஊர். அவர்களிடம் கட்டுண்டு உழைத்த படியாள்கள் இருந்தார்கள். 2008-ல் போனவர்கள் பார்த்தது வேறு. படியாள் முறை போய்விட்டிருந்தது. பலருடைய பிழைப்பு வயலைத் தாண்டி வெளியே நகர்ந்திருந்தது. நிலம் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் ஊரை ஆண்டுவிட முடியாது என்ற நிலை வந்திருந்தது. இனி ஒரு மாணவர் பட்டியலோடு அங்கே போனால், எத்தனை ஏக்கர், எத்தனை படியாள் என்று கேட்டு ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. யார் வீட்டுப் பிள்ளை எந்த ஊரில் வேலை பார்க்கிறான், மாதம் எவ்வளவு அனுப்புகிறான் என்றுதான் விசாரிக்க வேண்டியிருக்கும்.