குழந்தைகளுக்கான மர விளையாட்டு வீடு

கொல்கத்தாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழையும், காற்றில் எந்நாளும் தங்கும் ஈரமும், மண்ணில் வாழும் கறையானும் ஒன்று சேர்ந்து, திறந்த வெளியில் நிற்கும் மரத்தை விரைவில் உளுத்துப் போகச் செய்கின்றன. பள்ளி முற்றத்திலோ அங்கன்வாடியிலோ சிறுவர் புகுந்து விளையாடுவதற்கென நிறுத்தப்படும் சிறு மரவீடும் இதற்கு விலக்கன்று. ஆனால் வேலிக்காலுக்கும் இவ்வீட்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. குழந்தை மரத்தைத் தடவுகிறது. பின் அதே விரலை வாயில் வைக்கிறது. எனவே மரத்தைக் காக்கும் மருந்து குழந்தையைத் தாக்காததாக இருத்தல் வேண்டும்.

மரம் மழையில் நனைவதால் மட்டும் உளுத்துப் போவதில்லை. அதன் ஈரம் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 20 சத வீதத்திற்கு மேல் நீடித்திருக்கும்போதுதான் பூஞ்சாணங்கள் அதனுள் வேரூன்றுகின்றன. நனைந்த மரம் விரைவில் உலருமாயின் தீங்கு குறைவு. உலர வழியின்றி மண்ணைத் தொட்டு நிற்கும் காலடியும், பலகைகள் பொருந்தும் மூட்டுக்களுமே முதலில் கெடுகின்றன.

எந்த மரம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைத் தேராதூனிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம் எளியதொரு முறையால் கண்டறிந்து வந்துள்ளது. 60 செ.மீ. நீளமும் 5 செ.மீ. சதுரமும் உள்ள வைரப்பகுதிக் கட்டைகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து, அவை அழியும் காலத்தைக் கணக்கிடுவர். இதனைக் ‘கல்லறைச் சோதனை’ என்று வழங்குவது பொருத்தமே. சராசரி 120 மாதங்களுக்கு மேல் நிற்பவை முதல் வகுப்பு; 60 மாதங்களுக்குள் அழிபவை மூன்றாம் வகுப்பு. தேக்கும் சால மரமும் முதல் வகுப்பைச் சேர்ந்தவை. மாவும் இலவும் கடைசி வகுப்பு. ஆயினும் இக்கணக்கு வைரப்பகுதிக்கு மட்டுமே உரியது. வெளிறிய புறப்பகுதி தேக்கிலும் எளிதில் அழியும். நிமதலாப் பகுதியின் மரக்கடைகளில் பலகை வாங்குவோர், மரத்தின் பெயரைக் கேட்டு நிறைவுறாமல், ஓரத்தில் வெண்மை உள்ளதா எனப் பார்த்தல் நன்று. சாலம் வலியது, ஆனால் உலரும்போது வெடிக்கும், சிராய் எழும்பும். சிறு கைகள் பற்றும் இடத்திற்குத் தேக்கே மேல்.

விலை மலிந்த மரத்திற்கு மருந்தேற்றலாமே என்னும் கேள்வி இயல்பாக எழும். செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புக்கள் சேர்ந்த மருந்தை 1933-இல் தேராதூனில் உருவாக்கியவர் சோந்தி காமேசம் என்னும் இந்தியரே. செம்பு பூஞ்சாணத்தையும், ஆர்செனிக் பூச்சிகளையும் அடக்க, குரோமியம் இரண்டையும் மரத்தில் பிணைத்து வைக்கிறது. உலகெங்கும் பரவிய இம்மருந்து, மின்கம்பங்களுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் பிணைப்பு முழுமையானதன்று. சிறிதளவு ஆர்செனிக் மரத்தின் மேற்பரப்பிற்கும் அடியிலுள்ள மண்ணிற்கும் கசிகிறது. இக்காரணத்தால் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு அமெரிக்காவில் குடியிருப்பு, விளையாட்டுச் சாதனங்களுக்கான மரத்தில் அதன் பயன் கைவிடப்பட்டது. நிலத்தடி நீரின் ஆர்செனிக்கால் பல மாவட்டங்கள் துன்புறும் மேற்கு வங்கத்தில் இந்நஞ்சைப் பற்றி மிகுதியாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பச்சைச் சாயலுடைய மருந்தேற்றிய மரத்தைக் குழந்தைகளின் வீட்டிற்குக் கொள்ளலாகாது. போராக்ஸ், போரிக் அமிலம் ஆகியவை ஆர்செனிக்கைக் காட்டிலும் தீங்கு குறைந்தவை. எனினும் மழையில் கரைந்து போகும். ஆதலின் கூரையின் கீழ் மறைந்து, மேலே பூச்சும் பெற்ற பகுதிகளுக்கே அவை தகும்.

அமைக்கும் முறையே பாதி மருந்து. கால்களை மண்ணில் புதையாமல், தரைக்கு மேல் உயர்ந்த சிமெண்டுக் கட்டைகளின்மீது இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். கறையானின் மண்குழாய் அப்போது கண்ணுக்குப் புலப்படும். பிணைப்பு உறுதியானதாக இருத்தல் இன்றியமையாதது. கோடையில் வீசும் கால்பைசாகிப் புயற்காற்றும், 2020 மே 20-இல் நகரின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த அம்பன் புயலும் இதற்குச் சான்று. திருகாணிகள் துத்தநாக முலாம் பூசியனவாகட்டும். கம்பிகளுக்கோ பலகைகளுக்கோ இடையே 9 செ.மீ. முதல் 23 செ.மீ. வரையுள்ள இடைவெளி விடலாகாது. அதில் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளக் கூடும்.

பருவமழைக்கு முன்பும் பின்பும் திருப்புளியின் முனையால் கால்களையும் மூட்டுக்களையும் குத்திப் பார்த்தல் வேண்டும். முனை எளிதில் இறங்கினால் அத்துண்டை மாற்றுவதே முறை. மேலே வண்ணம் தீட்டி உளுத்ததை மறைப்பது ஆபத்தானது. சிராய்களை உப்புத்தாளால் தேய்த்து, மழைக்கு முன் ஆண்டுதோறும் பூச்சைப் புதுப்பிக்கலாம். வீட்டு உபயோக வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்னும் விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைகளுக்கான வண்ணங்களை இவ்விதி கட்டுப்படுத்தாது. எஞ்சிய டப்பாவை எவரேனும் இலவசமாகத் தந்தாலும் ஏற்கலாகாது.

1963-இல் இந்நகரில் இரத்தக்கசிவு நோயாகப் பரவிய டெங்குவைப் பரப்பும் கொசு, மரவீட்டின் கூரை மடிப்பிலும் உள்ளே விடப்பட்ட பொம்மைப் பாத்திரத்திலும் தேங்கும் சிறிது நீரிலேயே பெருகும். முட்டை கொசுவாகும் காலம் ஏறத்தாழ ஒரு வாரமாதலால், வாரம் ஒரு நாள் அவற்றைக் கவிழ்த்துத் துடைத்தல் தகும். கழித்த பழம் பலகைகள் மருந்தேறியவையாக இருக்கலாமென்ற ஐயம் எழுமாயின், அவற்றைச் சமையல் அடுப்பில் எரிக்கக் கூடாது. ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் தங்கும்.