5,000 கோடி மார்க் அஞ்சல்தலை: மதிப்பைத் தீர்மானிப்பது பூஜ்ஜியங்கள் அல்ல, முத்திரையே!

ஜெர்மனியில் 1923-ஆம் ஆண்டு ஜனவரி நடுப்பகுதியில், வெளியூருக்குச் சாதாரணக் கடிதம் அனுப்ப 50 மார்க் போதுமானதாக இருந்தது. நவம்பர் 5-ஆம் தேதி அக்கட்டணம் 100 கோடி மார்க்கை எட்டியது. நவம்பர் 12-ஆம் தேதி 1,000 கோடி, 20-ஆம் தேதி 2,000 கோடி, 26-ஆம் தேதி 8,000 கோடி என உயர்ந்துகொண்டே சென்றது.

போர்க் கடனாலும் இழப்பீட்டுச் சுமையாலும் ஏற்கெனவே தள்ளாடிய மார்க், ரூர் பகுதியை பிரான்ஸும் பெல்ஜியமும் ஆக்கிரமித்த பிறகு முற்றிலும் சரிந்தது. ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பணி செய்ய மறுத்தவர்களுக்கு, அரசு நோட்டுகளை அச்சடித்தே ஊதியம் வழங்கியது.

அஞ்சல் துறையால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பழைய அஞ்சல்தலைகள் மீதே புதிய மதிப்பு அச்சிடப்பட்டது. 30 பெனிக் தலை 8,000 மார்க் தலையானது. அவசரத்தில் சில தாள்களில் வட்டத் துளைகளுக்குப் பதிலாகச் சிறு கீறல்கள் மட்டுமே இடப்பட்டன. உச்ச மதிப்பு 5,000 கோடி மார்க்.

அப்படியானால் அந்தத் தலை இன்று பெரும் விலைக்குப் போகுமா? பெரும்பாலும் இல்லை. பணம் மாறியபோது விற்காமல் எஞ்சிய தலைகள் ஏராளம் என்பதால், பயன்படுத்தாத தலைகள் மலிவாகவே கிடைக்கின்றன. இத்துறையின் வழக்கமான கணக்கு இங்கே தலைகீழாகிறது. சில நாள்களே புழக்கத்தில் இருந்த தலை, அந்த நாள்களுக்குரிய அஞ்சல் முத்திரையுடன் கிடைத்தால் அதுவே அரிது. மோசடிக்கும் இதுவே காரணம். மலிவான புதிய தலையில் போலி முத்திரை குத்தி, பல மடங்கு விலைக்கு விற்கின்றனர். எனவே, 'இன்ஃப்ளா பெர்லின்' சங்க நிபுணர்களின் சரிபார்ப்புக் குறி தலையின் பின்புறம் உள்ளதா என்று அனுபவசாலிகள் முதலில் பார்க்கின்றனர். அந்தக் குறியும் போலியாக இருக்கலாம் என்பதால், விலை உயர்ந்த தலைகளுக்குத் தனிச் சான்றிதழ் கேட்பதே பாதுகாப்பு.

உறையுடன் வாங்குவோர் தேதியையும் கட்டணத்தையும் ஒப்பிட வேண்டும். ஆனால், நவம்பர் 26 முதல் 30 வரையிலான உறைகளில் கட்டணம் குறைவாக இருப்பதாகத் தோன்றினால், உடனே ஒதுக்கிவிடக் கூடாது. அந்த ஐந்து நாள்களில் அஞ்சல்தலைகள் அச்சிட்ட மதிப்பைப்போல் நான்கு மடங்காகக் கணக்கிடப்பட்டன. 8,000 கோடி மார்க் கடிதத்துக்கு ஒரே ஒரு 2,000 கோடி மார்க் தலை போதும். சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுவதும் இத்தகைய உறைகளையே. டிசம்பர் 1-ஆம் தேதி புதிய நாணயக் கணக்கில் கட்டணம் 10 பெனிக் ஆனது. பழைய கணக்கில் அது 10,000 கோடி மார்க்.