இயக்கியும் வெளித்திரையும்

மடிக்கணினியோடு பெரிய திரை ஒன்றை இணைத்துப் பாடம் நடத்துவது இன்று வகுப்பறைகளில் இயல்பாகிவிட்டது. நேற்று மாலைவரை ஒழுங்காகப் படம் காட்டிய அத்திரை, இரவில் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட பின், மறுநாட் காலையில் இருண்டு நிற்பதுண்டு. ‘சிக்னல் இல்லை’ என்றொரு வரி சிறிது நேரம் மிதக்கும்; பின்னர் அதுவும் மறையும். அப்பொழுது முதற்பழி திரையின்மேல் விழுகிறது. அடுத்த பழி கம்பியின்மேல் விழுகிறது. இது கண்டு புதுத் திரையே வாங்கிவிடுவோரும் உளர். அதனினும் கொடிது, கணினியில் உள்ளவற்றை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவது. பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த பாடக்குறிப்புகளும் வினாத்தாள்களும் படி எடுத்து வைக்கப்படாதிருந்தால், அவற்றோடு ஒழிந்துபோகும். திரையோ கம்பியோ கணினியோ கெடாமலே இவ்வளவு இழப்பும் நேரக்கூடும் என்பதுதான் கருதத்தக்கது.

இதன் காரணத்தை அறிய, கணினிக்கும் திரைக்கும் இடையே நின்று பணியாற்றும் ஒன்றை முதலில் அறிதல் வேண்டும். கணினியின் உள்ளே படம் தீட்டுவதற்கென ஒரு சில்லு இருக்கிறது. இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா ஆகியவை இத்தகைய சில்லுகளை வடிவமைக்கும் நிறுவனங்கள். ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு தனி மொழி. விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்கோ அம்மொழிகள் எல்லாம் தெரியா. ஆகவே இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டப்படுகிறான். டிரைவர் என்று வழங்கும் மென்பொருள் அவனே. தமிழில் அதனை இயக்கி என்பர். பழைய இலக்கியத்தில் இயக்கி என்பது ஒரு பெண் தெய்வத்தின் பெயர். மடை பெற்று மகிழ்ந்தவள் அவள். இன்றைய இயக்கிக்கு மடை வேண்டா. ஆயினும் அது பிணங்கினால் விளையும் அச்சம் ஏறக்குறைய ஒன்றுதான்.

புதுப்பிப்பு என்பது பழைய மொழிபெயர்ப்பாளனை விலக்கிப் புதியவனை அமர்த்துவதாகும். புதியவன் பெரும்பாலும் திறமை மிக்கவனே. முன்னிருந்த பிழைகளும் பாதுகாப்புக் குறைகளும் அவனால் நீங்குகின்றன. ஆனால் மடிக்கணினியை ஆக்கியோர் தத்தம் கருவிக்கென்று சில தனி ஏற்பாடுகளைச் செய்திருப்பர். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக வெளிவரும் இயக்கி அவ்வேற்பாடுகளை அறியாமற் போகலாம். அல்லது நிறுவும் பணி பாதியில் நின்று, பழையதும் புதியதும் கலந்து கிடக்கலாம். இருள் பிறக்கும் இடம் இது.

திரை வெறும் கண்ணாடி அன்று, அதுவும் பேசும். எச்.டி.எம்.ஐ. கம்பியில் 19 வழிகள் உள்ளன. அவற்றுள் 18-ஆவது வழியாகக் கணினி 5 வோல்ட்டு மின்னழுத்தத்தை அனுப்புகிறது. திரை 19-ஆவது வழியாக விடைகொடுத்து, ‘இங்கே இருக்கிறேன்’ என்று உணர்த்துகிறது. உடனே கணினி, ‘நீ யார்?’ என்று கேட்கும். திரை தன்னைப் பற்றிய குறிப்பை நீட்டும். ஆக்கியவர் யார், எந்த ஆண்டில் ஆக்கப்பட்டது, எத்தனை புள்ளிகள் அகலமும் உயரமும் உடையது, நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றவல்லது என்பன எல்லாம் அக்குறிப்பில் அடங்கும். அதன் அடிப்படைப் பகுதியின் அளவு 128 பைட்டுகளே. வேசா என்னும் தொழில்நுட்ப அமைப்பு 1994-ஆம் ஆண்டில் வகுத்த முறை இது. ஒரு சிறு கடிதத்தினும் குறைந்த இக்குறிப்பை இயக்கி சரியாகப் படித்தால்தான் படம் புறப்படும்.

ஆகவே வெளித்திரை இருண்டவுடன் கேட்க வேண்டிய முதல் வினா, ‘படம் ஏன் வரவில்லை?’ என்பதன்று, ‘திரை இருப்பது கணினிக்குத் தெரிகிறதா?’ என்பதே. விண்டோஸ் கணினியில் அமைப்புகள் பகுதியைத் திறந்து, சிஸ்டம், டிஸ்பிளே என்று சென்றால், 1, 2 என எண்ணிட்ட இரண்டு கட்டங்கள் தெரிகின்றனவா என்று காணலாம். இரண்டும் தெரிந்தால் பாதிக் கவலை நீங்கியது.

அந்நிலையில் குறை பெரும்பாலும் ஏற்பாட்டில்தான் இருக்கும். விண்டோஸ் சின்னம் பொறித்த விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும்: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டையும் ஒரே பரப்பாக விரித்தல், இரண்டாம் திரை மட்டும். புதுப்பிப்பின்போது பழைய தெரிவு மறக்கப்பட்டு, ‘கணினித் திரை மட்டும்’ என்று நின்றுவிடுவதுண்டு. மாற்றி அமைத்தால் போதும்.

மற்றொன்று வேகம். 1,920 புள்ளி அகலமும் 1,080 புள்ளி உயரமும் கொண்ட திரைக்கு நொடிக்கு 60 படங்கள் என்றால், ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள் ஒவ்வொரு நொடியும் கம்பி வழியே ஓடுகின்றன. நான்கு கே எனப்படும் திரைக்கு இதைப்போல் நான்கு மடங்கு. 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறை, நான்கு கே படத்தை நொடிக்கு 30 முறையே சுமக்கவல்லது. முழு நிறத்தோடு 60 முறை சுமக்க 2013-இல் வந்த 2.0 முறை வேண்டும். புதிய இயக்கி கணினியையும் திரையையும் மட்டும் பார்த்து 60 என்று தானே தெரிந்துகொள்ள, இடையிலுள்ள பழைய கம்பியோ இணைப்பியோ அதைத் தாங்காமல் படம் விட்டுவிட்டு வரும். அல்லது வராமலே போகும். 30 என்று குறைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

இரண்டாம் கட்டமே தெரியவில்லையா? அப்பொழுது குற்றமற்றவர்களை முதலில் விடுவித்தல் முறை. திரையில் உள்ள உள்ளீட்டுத் தெரிவு சரியான துளையைக் குறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் அதே திரையில், அதே கம்பியில், வேறொரு கணினியை இணைத்துப் பார்க்க வேண்டும். படம் வந்தால் திரையும் கம்பியும் குற்றமற்றவை. இனி மற்றொரு நுட்பமான சோதனை உண்டு. கணினியை மீண்டும் தொடக்கும்போது, விண்டோஸ் எழுமுன் உற்பத்தியாளரின் சின்னம் தோன்றும். அது வெளித்திரையிலும் தோன்றி, விண்டோஸ் எழுந்தபின் இருண்டால், கணினியின் துளையும் நலமே. பழி இயக்கியையே சேரும். தோன்றாவிட்டால் அதனால் ஒன்றும் முடிவு கட்டலாகாது. பல கணினிகள் தொடக்கத்தில் வெளித்திரையை நாடுவதே இல்லை.

‘மடிக்கணினியின் சொந்தத் திரை பளிச்சென்று இருக்கிறதே, இயக்கி கெட்டிருந்தால் அதுவும் இருண்டிருக்க வேண்டாவா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை, பல மடிக்கணினிகளில் படம் தீட்டும் சில்லுகள் இரண்டு என்பதே. ஒன்று மையச் செயலியோடு கூடப் பிறந்தது. மின்சாரம் குறைவாக உண்பது. மற்றொன்று தனியாக வைக்கப்பட்ட ஆற்றல் மிக்க சில்லு. இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஆப்டிமஸ் முறையை என்விடியா 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டது. சொந்தத் திரை பெரும்பாலும் முதற் சில்லோடு பிணைக்கப்பட்டிருக்கும். எச்.டி.எம்.ஐ. துளையோ சில கருவிகளில் முதலாவதோடும், வேறு சிலவற்றில் நேரே இரண்டாவதோடும் பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டாவதன் இயக்கி பழுதானால் சொந்தத் திரை ஒளிரும், வெளித்திரை இருளும். ஒரே வீட்டில் இரண்டு அறைகளுக்கு இரண்டு மின்கம்பிகள் இழுத்ததுபோன்ற நிலை இது. விளக்கு எரியும் அறையை மட்டும் பார்த்து வீட்டில் மின்சாரம் இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை.

இதனைக் கண்டறிய டிவைஸ் மேனேஜர் என்னும் பகுதியில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்ற தலைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். சில்லின் பெயரருகே மஞ்சள் முக்கோணம் இருந்தால் அது செயற்படவில்லை. உரிய பெயருக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்று இருந்தால், உரிய இயக்கி இல்லாமல் இயங்குதளம் தற்காலிக ஆள் ஒருவனை அமர்த்தியிருக்கிறது என்று பொருள். அவன் ஒரு திரையைக் காப்பானேயன்றி, இரண்டாவதை ஆளமாட்டான்.

இனிப் பரிகாரம். எளியதிலிருந்து தொடங்குதல் நன்று. விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், ‘பி’ என்னும் ஆங்கில எழுத்துகளுள் இரண்டாவது ஆகிய நான்கையும் ஒருசேர அழுத்தினால் இயக்கி மட்டும் மீண்டும் எழும். திரை ஒருமுறை இமைக்கும். திறந்த கோப்புகளுக்குத் தீங்கில்லை. பயனில்லையேல் கணினியை மீண்டும் தொடக்க வேண்டும். ‘அணைத்து விட்டுத்தானே போட்டேன்’ என்பார் பலர். விரைவுத் தொடக்கம் என்னும் ஏற்பாடு செயலில் இருக்கும் கணினியில், அணைத்தல் முழு அணைப்பு ஆகாது. இயங்குதளத்தின் உட்பகுதி அப்படியே வட்டில் சேமிக்கப்பட்டு மறுபடி எழும். ‘ரீஸ்டார்ட்’ என்பதே முழுமையான புதுத் தொடக்கம்.

அதற்கும் அடங்காவிட்டால் பழைய மொழிபெயர்ப்பாளனையே திருப்பி அழைக்க வேண்டியதுதான். முன் சொன்ன பகுதியில் சில்லின் பண்புகளைத் திறந்து, டிரைவர் என்ற தாளில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதைத் தெரிவு செய்தால் முந்தைய இயக்கி மீளும். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால் முந்தையது சேமிக்கப்படவில்லை. அப்போது மடிக்கணினியை ஆக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து, அந்த மாதிரிக்கென்றே தரப்பட்ட இயக்கியை இறக்கி நிறுவ வேண்டும். அது எண்ணில் பழையதாக இருக்கலாம். ஆனால் துளை எந்தச் சில்லோடு பிணைந்தது என்பதை அறிந்து ஆக்கப்பட்டது. இவ்வளவில் ஒன்றும் தனிக் கோப்புகளைத் தொடுவதில்லை. கணினியை அழித்து நிறுவும் வேலைக்கு ஈண்டு இடமே இல்லை.

யு.எஸ்.பி.-சி துளை வழியே திரையை இணைப்போர் கூடுதலாக ஒன்று காண வேண்டும். வடிவம் ஒன்றாயினும் அத்துளைகள் எல்லாம் படம் சுமப்பன அல்ல. அன்றியும் டிஸ்பிளேலிங்க் வகை இணைப்பிகளுக்குத் தனி இயக்கி உண்டு. சில்லின் இயக்கியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் திரை திரும்பாது.

பழைய இயக்கி மீண்டபின், விண்டோஸ் மறுபடியும் புதியதைத் தானே கொண்டுவந்து நிறுவக்கூடும். புதுப்பிப்பைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைக்க அமைப்புகளில் வழியுண்டு. நெடுநாள் நிறுத்துவது தகாது. பாதுகாப்புத் திருத்தங்களும் அதனோடு நின்றுவிடும். அடுத்த பதிப்பு வெளிவந்ததும், பாடமில்லாத விடுமுறை நாளொன்றில், வெளித்திரையை இணைத்து வைத்துக்கொண்டே அதனை நிறுவிப் பார்க்கலாம்.