பிள்ளைத் திறமும் பெற்றோர் விரைவும்

சென்ற கோடை விடுமுறையில் யான் காஞ்சிபுரத்தில் எம் இல்லத்திலிருந்தபோது, அண்டை வீட்டு நெசவாளர் ஒருவர் தம் எட்டு வயது மகனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பையன் அரசினர் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பை முடித்தவன். மூன்றிலக்க எண்களைத் தாளும் எழுதுகோலுமின்றி மனத்திலேயே பெருக்கி விடை கூறுகின்றான். ஆறாம் வகுப்பிற்கு நுழைவுத் தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் விடுதிப் பள்ளி ஒன்றைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருந்தனர். அத்தேர்விற்கு இப்பொழுதே பயிற்சி தொடங்க வேண்டுமாம். பயிற்சிக் கட்டணத்திற்கு முதலாளியிடம் முன்பணம் வாங்க எண்ணியிருந்தார். "தம்பி, நீ காலேஜில் படிக்கிற பிள்ளை. இவனை அனுப்பலாமா, வேண்டாமா? நீயே ஒரு வார்த்தை சொல்" என்றார். பத்தொன்பது வயதினனிடம் கேட்கத்தக்க வினா அன்று அது. எனினும் அவர் கேட்டுவிட்டார். விடை தேடுங் கடன் எனதாயிற்று. அங்ஙனம் தேடிக் கண்டவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

ஒத்த வயதினரினும் மிக விரைந்து கற்கும் பிள்ளையை மீத்திறன் வாய்ந்த பிள்ளை என்பர். அத்திறனை அளந்து காண முயன்ற வரலாறு நெடியதன்று. 1905-இல் பிரெஞ்சு நாட்டு ஆல்பிரெட் பினே, சைமன் என்பாரோடு கூடி நுண்ணறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். பள்ளியிற் பின்தங்கும் பிள்ளைகளை அறிந்து உதவுதலே அதன் நோக்கம். மேதைகளைப் பொறுக்கியெடுத்தல் அன்று. அச்சோதனையை அமெரிக்காவிற்கேற்பத் திருத்திய லூயிஸ் டெர்மன், 1921 முதல் கலிபோர்னியாவில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட சிறாரைத் தெரிந்தெடுத்துத் தம் இறுதிக்காலம் வரை அவர்தம் வாழ்வைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவருட் பலர் நன்னிலை எய்தினர். நோபல் பரிசு பெற்றார் ஒருவரும் இலர். அச்சோதனையிற் தேறாது விடப்பட்ட சிறுவர் இருவரோ அப்பரிசைப் பௌதிகத்திற்குப் பெற்றனர்: வில்லியம் ஷாக்லி 1956-இலும், லூயி ஆல்வரெஸ் 1968-இலும்.

இதனால் அளவுகோல் பொய் என்பது என் கருத்தன்று. இளமையில் அளக்குங்கால் பிள்ளையோடு வீடும் சேர்த்து அளக்கப்படுகின்றது, அதுவே இடர். வீட்டில் நூல் உண்டா, படித்தவர் பேச்சுக் காதில் விழுகின்றதா என்பனவெல்லாம் மதிப்பெண்ணாகி நிற்கும். ஒரு வகுப்பிலேயே பதினொரு திங்கள் மூத்தவனும் இளையவனும் உளர். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பதினொரு திங்கள் என்பது அவன் வாழ்நாளில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும்.

பெற்றோர் முயன்றால்தான் இடம் என்னும் ஏற்பாட்டில் முயல வல்லார் பிள்ளைகளே முன்னிற்பர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பிரோவர்டு என்னும் பெரும் பள்ளி மாவட்டத்தில், பெற்றோரோ ஆசிரியரோ பெயர் கொடுத்த பிள்ளைகளையே முன்னர்ச் சோதித்து வந்தனர். 2005-இல் இரண்டாம் வகுப்பினர் எல்லாரையும் சோதிக்கத் தொடங்கவே, ஏழைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் முன்னினும் மிகுதியாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் திறன் அவ்வாண்டில் பிறந்ததன்று. கேட்க ஆளில்லாமல் கிடந்தது. விடியலில் தறிக்குழியில் இறங்கி இருட்டிய பின் எழும் எம் அண்டை வீட்டாரைப் போல்வார் எந்த அலுவலகத்துப் படியை எத்தனை முறை ஏறுவர்?

தமிழும் ஆட்சிமொழியாய் விளங்கும் சிங்கப்பூரில் இம்முறை நாற்பதாண்டு நடந்தது. 1984-இல் தொடங்கிய அத்திட்டத்தின்படி மூன்றாம் வகுப்பில் தேர்வு நடத்தி, நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் தெரிந்தெடுத்து, சில பள்ளிகளில் தனி வகுப்பில் வைத்துக் கற்பித்தனர். தேர்வுக்கென்றே தனிப்பயிற்சி நிலையங்களும் பெருகின. 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், அத்திட்டம் பழைய வடிவில் தொடராது எனவும், ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் மீத்திறன் மாணவர்க்கு வேண்டுவதைத் தானே அளிக்கும் எனவும் அறிவித்தார். பிள்ளையைக் கல்வியினிடம் பெயர்த்த நாடு, கல்வியைப் பிள்ளையினிடம் பெயர்க்கத் தலைப்பட்டது.

இனி எம் ஊர்க் கதை ஒன்று கூறல் வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் உளது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருக்க, நெய்யும்பொழுதே ஊடையிழைகளைக் கோத்து இரண்டையும் இணைப்பர். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் இருவர் அமர வேண்டும். நெசவாளர்க்குத் துணையாக ஓரத்தில் அமர்ந்து நாடா எறிவோர் முற்காலத்தில் பெரும்பாலும் சிறுவர். விரல் விரைந்தோடும் பிள்ளையைக் கண்டால் கெட்டிக்காரன் என்று மெச்சுவர். தந்தை முதலாளியிடம் முன்பணம் பெறுவார். பிள்ளை தறியில் அமர்ந்து அதனைக் கழிப்பான். கடன் கழியுமுன் பள்ளிப் பருவம் கழிந்துவிடும். 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், 2016-இல் அதற்கு வந்த திருத்தமும், தறியினின்று மீட்ட பிள்ளைகட்கென நடந்த சிறப்புப் பள்ளிகளும் அவ்வழக்கத்தைப் பெரிதும் குறைத்தன.

முன்பணம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் என் நெஞ்சில் எழுந்தது இதுவே. தறிக்கு அனுப்புதலும் பள்ளிக்கு அனுப்புதலும் ஒன்றாகா. ஒப்பிட்டுரைப்பின் அவர் மனம் புண்படும். ஆயினும் பிள்ளையின் விரைவைக் கண்டு மூத்தோர் கடன்படுதலும், அக்கடன் சிறு தோளின்மேல் ஏறுதலும் இரண்டிற்கும் பொது. தேர்வு தவறினாற் பணத்தை நெசவில் கழிக்கலாம். பத்து வயதில் 'நான் தோற்றவன்' என்று பதிந்த நினைவை எதிற் கழிப்பது?

கணித மேதை இராமாநுஜனுக்கும் எம் ஊர்த் தொடர்பு உண்டு. தாய்வழிப் பாட்டனார் இங்கு நீதிமன்ற அலுவலராயிருந்தார். பேரர் குழந்தைப் பருவத்திற் சில காலம் இந்நகரில் இருந்தார். சென்னையில் பள்ளிக்குப் போக மறுத்த அச்சிறுவரைப் போகச்செய்யக் காவலர் ஒருவரின் உதவியை வீட்டார் நாடினராம்! பின்னர்க் கும்பகோணத்தில் சாதாரணப் பள்ளியிலேயே பயின்று, 1897-இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்தில் முதன்மையுற்றார். வீட்டிற் குடியிருந்த கல்லூரி மாணவரிடம் கணக்குக் கற்றார். லோனி எழுதிய திரிகோணமிதி நூலை இரவல் பெற்றுப் பதின்மூன்று வயதிற்குள் கற்றுத் தேர்ந்தார். பதினாறாம் வயதிற் காரின் தொகுப்பு நூல் கைக்கு வந்தது. இருந்த இடத்திற்கே இரை வந்தமை காண்க. அவர்க்குக் கதவு அடைபட்டது குழந்தைப் பருவத்திலன்று, கல்லூரியில். கணிதமொன்றிலேயே கருத்தூன்றிப் பிற பாடங்களிற் தவறியதால் உதவித்தொகையை இழந்தார், 1907-இலும் எப். ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-இற் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தரானார். எல்லாப் பாடத்தையும் கூட்டி அளக்கும் தேர்வு அவரைப் பொறுத்தவரை அளவன்று, தடை.

நம் திருமறையில் இரு காட்சிகளும் உள. அன்னாள் தன் மகன் சாமுவேலைப் பால்மறந்தவுடன் சீலோவிற் கொண்டுவிட்டாள். ஆண்டுதோறும் சிறு சட்டையொன்று தைத்துக் கொண்டுசென்றாள். சென்ற ஆண்டின் அளவு இவ்வாண்டிற்குப் போதாதென்று எண்ணி எண்ணித் தைத்திருப்பாள் போலும்! பன்னிரண்டு வயதில் ஆலயத்துப் போதகரை வியக்கவைத்த இயேசுவோ, அங்கேயே நிற்கவில்லை. பெற்றோருடன் நாசரேத்திற்குத் திரும்பினார். முன்னது நேர்ந்துகொண்டவள் செய்கை. எல்லாப் பெற்றோர்க்கும் ஏற்பது பின்னதே என்பது என் துணிபு.

பிள்ளையை வெறுமனே விட்டுவிடல் வேண்டும் என்கிறேனல்லேன். தெரிந்ததையே நாளெல்லாம் கேட்கும் பிள்ளை குறும்பனாவான், அல்லது திறனை மறைக்கக் கற்பான். ஆகவே அண்டை வீட்டாரிடம் இவ்வளவே சொன்னேன்: "மாமா, முன்பணம் வாங்காதீர்கள். தலைமையாசிரியரைக் கண்டு ஐந்தாம் வகுப்புக் கணக்குநூலைக் கேளுங்கள். ஞாயிறு தவிர்ந்த நாட்களில் இவனை நூலகத்திற்கு நானே அழைத்துச் செல்வேன். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் தகுதித் தேர்வு எழுதட்டும். தேறினால் நான்காண்டுகள் ஆண்டுக்குப் பன்னீராயிரம் ரூபாய் வரும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசினர் மாதிரிப் பள்ளி உண்டு. 2021 முதல் தொடங்கி மாவட்டந்தோறும் வைத்திருக்கிறார்கள். அப்பொழுது அவனே விரும்பினால் அனுப்புங்கள். விடுதியிலிருக்கும் வயதும் அவனுக்கு ஆகியிருக்கும்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. "நாலு வருஷத்தில் இவன் கெட்டிக்காரத்தனம் போய்விட்டால்?" என்று கேட்டார். போகலாம் என்றுதான் நானும் சொன்னேன். இளமையில் விரைந்தோடுவோர் எல்லாரும் பின்னும் அவ்வாறே ஓடுவதில்லை. போய்விடின், கடனில்லாத வீட்டில் நல்ல பிள்ளையாய் இருப்பான்.

அவர் முன்பணம் வாங்கவில்லையெனச் சென்ற திங்கள் எம் அன்னையார் தொலைபேசியிற் கூறினார். பையனுக்கு இப்பொழுது பாவின்மேல் நாட்டம் வந்துள்ளதாம். ஒரு சேலைக்கு இழை எத்தனை, நாடா எத்தனை முறை குறுக்கே போகும் எனக் கேட்டுக்கேட்டுத் தந்தையை நெய்யவிடுவதில்லையாம்.