மூடியில்லாத வானமும் பாதரசக் குழாயும்

பூமி தட்டையானது, அசையாதது என்று நம்புகிறவர்கள் இன்று முன்வைக்கும் வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவது காற்றழுத்தம் பற்றியதுதான். சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்தால் காற்று வெளியேறிவிடுகிறது. அப்படியிருக்க, பூமிக்கு அப்பால் வெற்றிடம் என்றால் நம்மைச் சுற்றியுள்ள காற்று ஏன் இன்னும் சிதறிப் போகவில்லை? அதை அடைத்து வைக்க மேலே ஒரு கூரை இருந்தாக வேண்டாமா? இது நியாயமான கேள்வி, தள்ளிவிடக் கூடாதது. இதற்கான பதில் காற்றழுத்தமானி என்ற கருவியிலேயே இருக்கிறது.

1640-களில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் டாரிச்செல்லி அதை உருவாக்கினார். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாய். ஒரு முனை அடைத்தது. அதில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் மூடி, பாதரசம் உள்ள கிண்ணத்தில் கவிழ்த்து விரலை எடுத்தால், குழாயில் உள்ள பாதரசம் சற்றே இறங்கி 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் வெறுமை. கிண்ணத்தின் மீது படிந்திருக்கும் காற்றின் எடைதான் பாதரசத்தைத் தாங்கி நிற்கிறது என்றார் டாரிச்செல்லி. உறிஞ்சு பம்புகள் எவ்வளவு இழுத்தாலும் தண்ணீர் பத்து மீட்டருக்கு மேல் ஏறாதது ஏன் என்பதும் இதனால் விளங்கியது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. 76 செ.மீ. பாதரசத்துக்கு ஈடான தண்ணீர்த் தூண் 10.3 மீட்டர்.

எடைதான் காரணம் என்றால், மலை உச்சியில் தலைக்கு மேலுள்ள காற்று குறைவு, ஆகவே பாதரசமும் இறங்க வேண்டும். பிரான்ஸின் பாஸ்கல் இதைச் சோதிக்க விரும்பினார். அவருடைய அக்காள் கணவர் பெரியே, க்ளேர்மோன் என்ற ஊரில், புய் த தோம் மலைக்கு அருகே வசித்தார். 1648 செப்டம்பர் 19 அன்று அவர் ஊரிலுள்ள மடத்துத் தோட்டத்தில் இரண்டு குழாய்களை அமைத்தார். இரண்டிலும் பாதரசம் சுமார் 71 செ.மீ. ஒன்றை அங்கேயே விட்டு, நாள் முழுவதும் பார்த்துக்கொள்ளும்படி ஒரு துறவியிடம் ஒப்படைத்தார். மற்றதை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ 1,000 மீட்டர் மேலே ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 63 செ.மீ. தான் நின்றது. உடன் வந்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. உச்சியில் வெவ்வேறு இடங்களில், திறந்த வெளியிலும் அங்கிருந்த சிறு தேவாலயத்துக்குள்ளும், மீண்டும் மீண்டும் அளந்தார்கள். அளவு மாறவில்லை. இறங்கி வந்தபோது, துறவி காத்த குழாய் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

தேவாலயத்துக்குள் அளந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சுவர்கள் எந்த வித்தியாசமும் செய்யவில்லை. டியூபில் அழுத்தத்தைத் தருவது ரப்பரின் பிடி. அதனால்தான் அதன் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரே அழுத்தம். வானத்துக் காற்றையும் ஒரு கூரைதான் அடைத்து வைத்திருக்கிறது என்றால், மலையடியிலும் உச்சியிலும் பாதரசம் ஒரே அளவில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கீழே உள்ள காற்று மேலே உள்ள காற்றின் பாரத்தைச் சுமக்கிறது, அவ்வளவுதான். கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். ஐந்தரை கி.மீ. உயரத்தில் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. 100 கி.மீ. உயரத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடர்ந்த காற்றும் வெற்றிடமும் முட்டிக்கொள்ளும் எல்லை எங்குமே கிடையாது.

சிதறிப் போகாததற்கும் காரணம் உண்டு. காற்றின் மூலக்கூறுகள் சராசரியாக நொடிக்கு அரை கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. பூமியின் பிடியிலிருந்து தப்ப நொடிக்கு 11.2 கி.மீ. வேண்டும். மிக இலேசான ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பிக்கொண்டிருக்கின்றன.

காற்றழுத்தமானி உள்ள செல்போன் இருந்தால் திருச்சி மலைக்கோட்டைப் படிகளிலேயே இதைப் பார்க்கலாம். ஏறத்தாழ எட்டு மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். கொடைக்கானல் போகும் வழியில் காது அடைப்பதும், சிப்ஸ் பாக்கெட் உப்பிப் போவதும் இதனால்தான்.

இந்த அளவீடு மட்டும் பூமி உருண்டை என்று நிறுவிவிடாது. கூரை தேவையில்லை என்பதையே காட்டுகிறது. பூமி சுழல்கிறதா என்பதற்கும் காற்றழுத்தமே சாட்சி சொல்கிறது. பூமி சுழல்கிறது என்று ஆரியபட்டர் எழுதியபோது, அப்படியானால் பறவைகள் கூட்டுக்குத் திரும்புவது எப்படி என்று வராகமிகிரர் கேட்டார். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது என்பது பதில். ஆனால் நிலநடுக்கோட்டில் மணிக்கு சுமார் 1,670 கி.மீ. ஆக இருக்கும் அந்த வேகம், துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறைகிறது. அதனால் நெடுந்தூரம் வீசும் காற்று நேராகப் போக முடியாமல் வட பாதியில் வலப்புறமாகவும் தென் பாதியில் இடப்புறமாகவும் விலகுகிறது. இதுதான் கொரியோலிஸ் விளைவு. தாழ்வழுத்த மையத்தை நோக்கி ஓடிவரும் காற்று இப்படி விலகியே அதைச் சுற்றத் தொடங்குகிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது முதலில் வடக்கிலிருந்து காற்று அடித்தது. நடுவில் அமைதி. பிறகு தெற்கிலிருந்து அடித்தது. மேற்கு நோக்கி நகரும் இடஞ்சுழிப் புயல் செய்ய வேண்டியது அதுவே. மடகாஸ்கரையும் ஆஸ்திரேலியாவையும் தாக்கும் புயல்கள் வலஞ்சுழி. அசையாத பூமியில் காற்று நேராகத் தாழ்வு மையத்துக்குள் பாய்ந்து அதை நிரப்பிவிடும். குறிப்பிட்ட ஒரு கோட்டுக்கு இருபுறமும் சுழற்சி தலைகீழாக மாற அங்கே காரணம் ஏதுமில்லை.

நிலநடுக்கோட்டில் இந்த விலகல் மறைந்துவிடுவதால், அதற்கு ஐந்து பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே, ஏறத்தாழ ஒன்றரை பாகை வடக்கில் வந்த வாமேய் ஒரு விதிவிலக்கு. நிலநடுக்கோட்டைக் கடந்து மறுபக்கம் போன புயல் ஒன்றுகூட இதுவரை பதிவாகவில்லை.