ஓடைக்கரையின் நீலத் தோள்

இலங்கைத்துறைக் கடற்கரையில் இந்தப் பறவையைத் தேடிப் பயனில்லை. ஆனால் அது வாழும் மலையின் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. ஹோட்டன் சமவெளியில் பிறக்கும் ஓடைகளில் சில மகாவலியில் கலக்கின்றன. மகாவலியின் கிளையான வெருகல் ஆறு இலங்கைத்துறைக்கு அண்மையில் கடலைச் சேர்கிறது. அந்த ஓடைகளின் தலைமாட்டில், வெயில் எட்டாத மலைக்காட்டில் இருக்கிறது இலங்கைச் சீகாரப் பூங்குருவி. உலகில் வேறெங்கும் அது இல்லை.

மைனாவைவிடச் சற்றுச் சிறியது. ஆண் கருநிறம், பெண் பழுப்பு. இரண்டுக்கும் தோளில் நீலத் திட்டு உண்டு. அந்த நீலம் சாயமன்று. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நிறம். ஆகவே நிழலில் நிற்கும்போது அது வெறும் கரிய குருவிதான். பார்த்தவர்களும் பார்த்ததை அறியாமல் கடந்துபோவது இதனால்தான். ஒரு கீற்று வெளிச்சம் பட்டால் போதும், தோள் பளிச்சிடும்.

எனவே கண்ணைவிடக் காதை நம்புங்கள். ஓடையின் இரைச்சல் தாழ்ந்த ஒலி. இதன் குரலோ காதைத் துளைக்கும் மெல்லிய, உச்சமான சீழ்க்கை. அதனால் நீரோசைக்கு மேலே அது தனித்துக் கேட்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதன் உறவுப் பறவை மனிதன் சீழ்க்கையடிப்பதுபோல் நிதானமாகப் பாடும். இது அப்படி நீட்டிப் பாடுவதில்லை. விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் கூவும். பூச்சி, நத்தை, சிறு தவளை, பல்லி ஆகியவற்றை ஓடைக்கரையிலேயே பிடித்துத் தின்னும். கூடும் தண்ணீருக்கு அருகே, பாறையிடுக்கிலோ மரக்கவட்டிலோ இருக்கும்.

1872இல் ஹோல்ட்ஸ்வர்த் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது, சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டக்காரரின் பெயரைச் சூட்டினார். மனதை உறுத்தும் பொருத்தம் இது: மலைக்காட்டை விழுங்கியது முதலில் கோப்பி, பிறகு தேயிலை. அப்போது இட்ட பேரினப் பெயர் அரெங்கா. இன்று அந்தப் பெயர் அறிவியலில் வழக்கொழிந்தாலும், ஹோட்டன் சமவெளிச் சாலையோரத்து அரெங்கா குளத்தில் நிலைத்திருக்கிறது. பறவை தேடுவோர் முதலில் போய் நிற்பதும் அங்கேதான்.

போகிறவர்கள் கருமையான உடை அணிந்து, கரையில் அசையாமல் நிற்க வேண்டும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்க வேண்டாம். எல்லைக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டதாக எண்ணி, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அது ஓடிவரும்.